பழங்கணினி என்னும் பயிற்சி மணல்

மணல்மேல் விரலால் எழுதி அகரம் பயின்ற காலம் ஒன்று எம் நாட்டில் இருந்தது. திண்ணைப் பள்ளியிலே எடுத்த எடுப்பில் பிள்ளையின் கையில் ஓலையும் எழுத்தாணியும் கொடுத்தாரல்லர். ஓலையிற் கீறிய பிழை நிலைத்துவிடும். மணலில் எழுதிய பிழையோ உள்ளங்கையால் ஒருமுறை தடவ மறைந்துவிடும். பிழை செய்ய இடங்கொடுத்தே பிழையின்மையைக் கற்பித்த அம்முறை எத்துணை நுட்பமானது! இன்று கணினி பயிலும் மாணவர்க்கு அத்தகைய மணல் எங்கே உளது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தமிழாசிரியராகிய எமக்கும் கணினிக்கும் யாது தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு ஒரு பிழையிலே தொடங்கியது. பல ஆண்டுகளாக மாணவர் எழுதிய கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து ஒரு பழைய கணினியில் வைத்திருந்தோம். அது தளர்ந்து இயங்கவே, புதிய பணிசெயல் முறைமை ஒன்றை அதே வன்தட்டில் நிறுவினோம். வேறொரு பிரதி இருக்கின்றதென நம்பியிருந்தோம், இருக்கவில்லை. சில காலஞ் சென்றபின் பழைய மாணவர் ஒருவர் வந்து, தம் தந்தையாரைப் பற்றித் தாம் பள்ளிப் பருவத்தில் எழுதிய கட்டுரை கிடைக்குமா என்று வினவினார். தந்தையார் அப்பொழுது காலமாகிவிட்டார். அவருக்கு நாம் கூறிய விடை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. அன்று நாம் ஓலையிலே பயிற்சி செய்தோம். மணல் வேறாக இருந்திருத்தல் வேண்டும்.

பரீட்சார்த்தக் கணினி என்பது யாது? இழந்தால் வருந்தவேண்டிய பொருள் எதுவும் இல்லாத கணினியே அதுவாம். அதனை எத்தனை முறையும் அழிக்கலாம், குலைக்கலாம், மீண்டும் கட்டலாம். அலுவலகக் கணினியிலோ ஆய்வுகூடக் கணினியிலோ இவ்வாறு செய்தல் தகாது. ஆகவே மாணவர் அவற்றை அஞ்சியஞ்சித் தொடுகின்றனர். அச்சமுள்ள இடத்தில் ஆராய்ச்சி பிறவாது.

இதற்குப் புதுக்கணினி வேண்டுவதில்லை. விண்டோஸ் 10 முறைமைக்குரிய வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைற்று நினைவகத்தையும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஓரளவு புதிய செயலியையும் வேண்டி நிற்கின்றது. எனவே உறுப்பிற் பழுதில்லாத கணினிகளும் உதவாதவை என்று ஒதுக்கப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒரு புதுக்கணினியின் விலை எத்தனை குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயிற்று என்பதை யாவரும் அறிவோம். தறித்த பனையையும் சிலாகையாக்கிக் கூரை தாங்கச் செய்த நாம், இயங்கும் பெட்டியைக் குப்பையில் எறிதல் முறையோ?

எடுத்துக்காட்டாக, இன்ரெல் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட கோர் 2 டுவோ வகைச் செயலியும் 2 ஜிகாபைற்று நினைவகமும் 160 ஜிகாபைற்று வன்தட்டும் கொண்ட மேசைக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்கண் மின்னிணைப்பை அறவே கழற்றிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. விசிறியிலும் வெப்பங் கடத்தும் தகட்டிலும் படிந்த தூசியை மென்றூரிகையால் அகற்றுக. பழங்கணினி அடிக்கடி நின்றுபோவதற்கு அத்தூசியால் மிகும் வெப்பமும் ஒரு காரணமாம். தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் உச்சி தட்டையாயிருத்தல் வேண்டும். புடைத்தோ கசிந்தோ இருப்பின் அப்பலகையை நம்புதற்கில்லை. திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பிழைத்தால், சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ற்று நாணய வடிவப் பற்றரியை மாற்றினாற் போதும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணங் கொண்டும் திறவற்க. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இரண்டாவது வேலை, பழைய வன்தட்டிலுள்ளவற்றை வேறொரு தட்டிற் பிரதி செய்தலாம். நாம் தவறவிட்ட படி இதுவே. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றுமுன் ஏட்டுப் பிரதிகளைத் தேடியலைந்தமை மாணவர் அறிந்ததே. செல்லரித்த ஏட்டிற்கும் தேய்ந்த வன்தட்டிற்கும் இவ்வகையில் வேறுபாடில்லை. ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாமைக்கு அடுத்த நிலை. பிரதி செய்தாயிற்றென்று கருதியிருத்தலும் போதாது. சில கோப்புகளைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே வன்தட்டின் தன்னறிக்கையையும், மெம்ரெஸ்ற் என்னும் மென்பொருளால் நினைவகத்தின் நலத்தையும் சோதிக்கலாம். சோதனை முதலில், பிரதி பின்னர் என்று மாற்றிச் செய்தால், தளர்ந்த தட்டு இடைநடுவில் உயிர்விடவுங் கூடும்.

மூன்றாவது, புதிய முறைமையை நிறுவுதல். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தம் சொந்தக் கணினியிலே விருப்புக்காகத் தொடங்கிய முயற்சியே லினக்ஸ் ஆக வளர்ந்தது. அதனை அடிப்படையாகக் கொண்ட டெபியன் முதலிய முறைமைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றைப் பென்டிறைவ் ஒன்றிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்; அவ்வாறு இயக்குகையில் நாமாகக் கட்டளையிட்டாலன்றி வன்தட்டு மாறுவதில்லை. செயலி 32 பிற்று வகையா, 64 பிற்று வகையா என்பதை முன்னரே அறிதல் நன்று. 2025 இல் வெளிவந்த டெபியன் 13 பதிப்பில் 32 பிற்றுப் பழங்கணினிகளில் நிறுவும் வசதி கைவிடப்பட்டது. நாம் எடுத்துக்கொண்ட கோர் 2 டுவோ 64 பிற்று வகையாதலின் அத்தடை அதற்கில்லை. பழைய வன்தட்டிற்குப் பதிலாகச் சிறியதொரு திண்மநிலைத் தட்டைப் பொருத்துவோமாயின், அதன் விரைவு கண்டு மாணவர் வியப்பர்.

இனி, இம்மணலில் எழுதத்தக்கவை யாவை? முறைமையை அழித்து மீள நிறுவுக. ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்து, பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க. இரு கணினிகளை வலையமைப்பால் இணைத்துக் கோப்புகளைப் பகிர்க. எம் போன்றோர்க்கு இவற்றினும் பயனுடையது வேறொன்றுண்டு. அது பழைய பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பரீட்சை. பாமினியிலே கணினி சேமித்து வைப்பது தமிழெழுத்தை அன்று. ஆங்கில எழுத்துகளின் குறியெண்களையே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாய்த் தோன்றும். ஒருங்குறியிலோ 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பு முதற்கொண்டே தமிழுக்குத் தனியிடம் உண்டு. பாமினியிற் கொம்பு கண்ணுக்குத் தோன்றும் முறையே மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும். ஆதலால் மாற்றும்போது வரிசை பிறழ்தலும், இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் உருக்குலைந்து தமிழாய் மாறுதலும் நிகழும். இப்பிழைகளை மூலக் கோப்பிற் கண்டு திகைப்பதிலும், பரீட்சார்த்தக் கணினியிற் பிரதியொன்றை வைத்துக் கண்டு திருத்துதல் அறிவுடைமையன்றோ?

குறைகளையுங் கூறுதல் கடன். 60 வாற்று மின்வலு கொள்ளும் பெட்டி ஒன்று 30 நாளும் ஓயாது இயங்கின் ஏறக்குறைய 43 அலகு மின்சாரம் செலவாகும். எனவே பயிற்சி முடிந்ததும் நிறுத்திவிடுக. ஆதரவு நின்றுபோன முறைமையை இணையத்தோடு இணையற்க. கடவுச்சொற்களையும் வங்கிக் கணக்கு விபரங்களையும் அக்கணினியில் இடற்க. முற்றாகப் பழுதுற்ற உறுப்புகளை எரித்தலும் புதைத்தலும் ஆகா. பழைய பற்றாசில் ஈயம் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் அவற்றை ஒப்படைத்தலே தக்கது.

கல்லூரி அன்னை விழாக் கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களிலே மூலையில் உறங்கும் கணினி ஒன்று இருப்பின், அதிலுள்ளவற்றை முதலிற் பிரதி செய்து வைத்துக்கொண்டு, தனிப்பட்ட தரவுகளை மீட்கவியலாதவாறு அழித்தபின் கல்லூரிக்கு அளியுங்கள். மாணவர்க்கும் ஒரு சொல்: அஞ்சாது திறவுங்கள், பிழை செய்யுங்கள், அப்பிழையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், மீண்டும் கட்டுங்கள். அன்று எம்மிடம் வந்து வெறுங்கையுடன் மீண்ட அம்மாணவரைப் போல் இன்னொருவர் மீளாதிருப்பாராயின், அதுவே இம்மணற் பயிற்சியின் பயனாகும்.