பாரிசவாதம்: ஓய்ந்த கைக்கும் பயிற்சி உண்டு

பாரிசவாதம் வந்து ஆறு மாதம் கடந்தால் கை இனித் திரும்பாது என்று நம்மவரில் பலர் எண்ணிவிடுகிறோம். சோற்றைக் குழைத்து ஊட்டிவிடுவதோடு எமது கடமை முடிந்தது என்றும் இருந்துவிடுகிறோம்.

2021 இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 108 பேர் பங்குபற்றினர். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு 9 மாதம் முதல் 10 வருடம் வரை ஆனவர்கள். நெஞ்சுத் தோலின் கீழ் சிறு கருவி வைத்து, கழுத்திலுள்ள வேகஸ் நரம்புடன் இணைத்தார்கள். நோயாளி கையை அசைக்கும்போது பயிற்சியாளர் பொத்தானை அழுத்துவார். அரை வினாடி மின்தூண்டல் நரம்பு வழியே மூளைக்குப் போகும். அசைவும் தூண்டலும் ஒன்றுசேரும்போது மூளை அதை மீளக் கற்பது இலகுவாகிறது என்பதே இதன் அடிப்படை.

ஆறு கிழமைப் பயிற்சி முடிந்து 90 நாளில், தூண்டலும் பெற்றவர்களில் 47 வீதமானோர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 24 வீதம். அவ்வாண்டே அமெரிக்கா இக்கருவிக்கு அனுமதி வழங்கியது.

கருவி எல்லோருக்கும் பொருந்தாது, எங்கும் கிடைக்காது. ஆனால் பயிற்சி மட்டும் செய்தவர்களிலும் கால்வாசிப் பேர் முன்னேறினார்கள் என்பதை மறக்கவேண்டாம். அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கைப்பயிற்சிக்கு மீண்டும் அனுப்பும்படியும் கேளுங்கள். வீட்டில் கோப்பையை அவரே தூக்கட்டும். சிந்தினால் துடைத்துக்கொள்வோம்.