ஒற்றை நுரையீரல் சுவாசமளிப்பு

ஒற்றை நுரையீரல் சுவாசமளிப்பு என்பது மார்பறை அறுவை சிகிச்சையின்போது, மயக்கத்தில் உள்ள நோயாளிக்கு ஒரு நுரையீரல் வழியாக மட்டும் சுவாசம் அளிக்கும் முறையாகும். நுரையீரல் கட்டியை அகற்றும்போது அந்தப் பக்க நுரையீரல் காற்றின்றிச் சுருங்கி அசையாமல் இருந்தால்தான் அறுவை மருத்துவர் வேலை செய்ய முடியும்.

இதற்கு இரு பாதைகள் கொண்ட குழாய் மூச்சுக்குழாயில் செலுத்தப்படுகிறது. சுவீடனைச் சேர்ந்த எரிக் கார்லென்ஸ் 1949-இல் இத்தகைய குழாயைப் பற்றி எழுதினார். அவரது முதல் நோக்கம் அறுவை அன்று. இரு நுரையீரல்களின் திறனையும் தனித்தனியே அளப்பதே. பெரும்பாலும் குழாயின் நுனி இடப்பக்கக் கிளையிலேயே வைக்கப்படுகிறது. வலப்பக்கக் கிளை குட்டையானது. மேல்மடலுக்குச் செல்லும் வழி அதில் விரைவிலேயே பிரிவதால் குழாய் அதை அடைத்துவிடக்கூடும்.

சிக்கல் இனிமேல்தான். சுருங்கிய நுரையீரலுக்குக் காற்று நின்றுவிடுகிறது, குருதி நிற்பதில்லை. அங்கு சென்ற குருதி ஆக்சிஜன் பெறாமலே இதயத்துக்குத் திரும்பி, மற்ற நுரையீரலிலிருந்து வரும் குருதியுடன் கலக்கிறது. இது ஷண்ட் எனப்படும். 100% ஆக்சிஜன் கொடுத்தாலும் இக்குறை முழுவதும் தீராது. இயங்கும் நுரையீரலைக் கடக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால், அதற்குமேல் அதிகம் ஏற்றிக்கொள்ள இயலாது.

இங்கே உடலே உதவிக்கு வருகிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதியில் நுரையீரலின் குருதிக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக் குருதியை வேறு பக்கம் திருப்புகின்றன. உடலின் பிற பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறு. இதனை 1946-இல் வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் ஆகியோர் விளக்கினர். மூச்சுவழி மயக்க மருந்து மிகுந்தால் இவ்வியல்பு மழுங்கும். நோயாளி பக்கவாட்டில் படுத்திருப்பதால் புவியீர்ப்பும் குருதியைக் கீழேயுள்ள, இயங்கும் நுரையீரலுக்கே இழுக்கிறது.

பல்ஸ் ஆக்சிமீட்டர் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே சரிந்தால், ஆக்சிஜன் முழு அளவுக்கு உயர்த்தப்படும். உடனே குழாய் இடம் பெயர்ந்துள்ளதா என்று மெல்லிய உள்நோக்கி வழியே பார்ப்பர். நோயாளியைத் திருப்பும்போது அது நகர்வதுண்டு. சளி உறிஞ்சப்படும். இயங்கும் நுரையீரலின் காற்றறைகள் மூடாதபடி மூச்சின் முடிவிலும் சிறிது அழுத்தம் வைக்கப்படும். சுருங்கிய நுரையீரலுக்குள் குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் செலுத்துவது நல்ல பலன் தரும்; ஆனால் அது சற்றே உப்புவதால், சிறு துளைவழி அறுவையில் பார்வை மறைக்கப்படும். அளவு கடுமையாகச் சரிந்தால் இவற்றுக்கெல்லாம் காத்திராமல், அறுவை மருத்துவரிடம் சொல்லி வேலையை நிறுத்தி, இரு நுரையீரல்களுக்கும் மீண்டும் காற்றூட்டுவர்.