மனத்தில் இருப்பது ஏட்டில் ஏறட்டும்



எங்கள் மண்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த கணக்குப்பிள்ளை வயதாகிவிட்டதென்று ஊருக்குப் போய்விட்டார். எந்தக் கடைக்கு எத்தனை நாள் தவணை, எந்த ஊர்ப் பருப்பில் சீக்கிரம் வண்டு விழும் என்பதெல்லாம் அவர் மனத்தில்தான் இருந்தது, ஏட்டில் இல்லை. அடுத்த இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மென்பொருள் எழுதும் கம்பெனிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அங்கே கிடங்கு கிடையாது. ஆட்களின் அனுபவ அறிவுதான் சரக்கு.

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் சொந்தமாகப் புரோகிராம் எழுதி வியாபாரம் செய்தது. 2003-இல் பயன்பாட்டை நிறுத்திய பழைய புரோகிராம் ஒன்றை நீக்காமலே விட்டிருந்தார்கள். 2012-இல் புதிய புரோகிராமை 8 சர்வர் கம்ப்யூட்டர்களில் ஏற்றியபோது ஒன்று விடுபட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. பழையதை இயக்கிய அதே குறியைப் புதியதற்கும் வைத்திருந்ததால், ஆகஸ்ட் 1 அன்று விடுபட்ட கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. சந்தை திறக்குமுன்பே பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் வந்தும் எவரும் கவனிக்கவில்லை. காரணம் புரியாமல், சரியாக இருந்த 7 கம்ப்யூட்டர்களிலிருந்து புதியதை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்! 2013-இல் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துபோயிற்று.

இதற்கு மாற்று வழியும் உண்டு. நாசாவின் கோடார்டு மையத்தில் 1976-இல் மென்பொருளுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேலையிலும் எங்கே பிழை வந்தது, எவ்வளவு உழைப்பு செலவாயிற்று என்று குறித்துவைத்து, அடுத்த வேலைக்கு அதையே முதலாகக் கொடுத்தார்கள். அதில் பங்கேற்ற பேராசிரியர் விக்டர் பேசிலி இந்த முறைக்கு 'அனுபவத் தொழிற்சாலை' என்றே பெயர் வைத்தார்.

நம் கடைக்கும் இது பொருந்தும். ஒவ்வோர் ஆளும் தன் வேலை விவரத்தை ஒரு நோட்டில் எழுதட்டும். பெரிய ஆர்டரை இரண்டாவது ஆள் சரிபார்க்கட்டும். பழைய விலைப் பட்டியலை அன்றே கிழித்துவிடுங்கள். தவறு நேர்ந்தால் "யார் செய்தது?" என்று அதட்டாமல் "எப்படி நேர்ந்தது?" என்று கேளுங்கள், அதட்டினால் அடுத்த தவறு மறைக்கப்படும்.

நாங்கள் இப்போது நோட்டு போட்டிருக்கிறோம். விலை சில ரூபாய்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.