பாக்கெட்டில் இருப்பது உப்புத்தண்ணீர்க் கணக்கு

மே 28, மாதவிடாய்ச் சுகாதார தினம். மலேசியாவின் கரங்கான், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்துக் கடிதங்களில் ஒரே குழப்பம்: விண்வெளியில் உதிரம் மேலே ஏறுமா? மாத்திரை போட்டு நிறுத்திவிடுகிறார்களாமே? அதனால் நமக்கென்ன?

மேலே ஏறவில்லை. மருத்துவர்கள் அப்படிப் பயந்தது உண்மை. 1983இல் ஒரு வாரப் பயணத்துக்குக் கிளம்பிய விண்வெளி வீராங்கனை சாலி ரைடிடம் நாசா பொறியாளர்கள் '100 டாம்பன் போதுமா?' என்று கேட்டார்கள். இன்று நீண்ட பயணம் போகிறவர்களில் பலர் மாத்திரையால் நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுநீரைக் குடிநீராக்கும் விண்வெளி நிலையக் கழிவறை உதிரத்துக்கென்று வடிவமைக்கப்படவில்லை என்பதும் ஒரு காரணம். மூன்றாண்டுப் பயணத்துக்குச் சுமார் 1,100 மாத்திரை வேண்டும் என்று 2016இல் ஆய்வாளர்கள் வர்ஷா ஜெயினும் வர்ஜீனியா வோட்ரிங்கும் கணக்கிட்டார்கள்.

அளவு தெரியாத குறை பூமியிலும் உண்டு. 2023இல் அமெரிக்காவின் ஒரிகனில் ஒரு மருத்துவக் குழு 21 மாதவிடாய்ப் பொருள்களை நிஜ மனித இரத்தத்தால் சோதித்தது. அதற்கு முன் சோதனைகள் பெரும்பாலும் நடந்தது தண்ணீரிலும் உப்புநீரிலும்தான். பெரும்பாலான பொருள்கள், தயாரிப்பாளர்கள் சொன்ன அளவுக்குத் தாங்கவில்லை.

பேடைப் பொறுத்தவரை ஒரு காரணம், பலவற்றின் நடுவில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள். வெறும் தண்ணீர் என்றால் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் குடிக்கும். இழுப்பது தூளுக்குள் இருக்கும் சோடியம். வெளியேயும் உப்பு இருந்தால் இழுப்பு தளர்ந்துவிடும். உதிரத்தில் இன்னும் சிக்கல்: சிவப்பணுக்கள் ஜெல்லுக்குள் நுழைய முடியாமல் வெளியே தேங்கும்.

கிளினிக்கில் முதல் கேள்வியே 'ஒரு நாளைக்கு எத்தனை பேட்?' என்பதுதான். ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிகப்போக்கு. இரும்புச்சத்து குறைந்து சோகை வரலாம். ஆனால் இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போனவள், பால் எடுத்து முடிக்கும்வரை நிரையை விட்டு எங்கே போய் மாற்றுவாள்? அவள் 'இரண்டு' என்பாள். அட்டையில் 'சாதாரணம்' என்று ஏறிவிடும். அந்த இரண்டு, அருகில் கழிவறை இல்லாததன் கணக்கு.

மற்றவை:

மாதவிடாய்க் கப் விண்வெளிக்குப் போனதா? இல்லை. 2022இல் போர்த்துகலில் ஆளில்லா ராக்கெட்டில் இரண்டு போய் முழுசாகத் திரும்பின; உயரம் சுமார் 3 கிலோமீட்டர், மூன்று ஜெராய் மலையை அடுக்கினால் அதைத் தாண்டிவிடும்.

பேடுக்கு வரி? 2018இல் ஜிஎஸ்டியோடு போயிற்று, அதற்குப் பின் வந்த எஸ்எஸ்டியிலும் விலக்கு.

இலவசப் பேட்? 2022 பட்ஜெட்டில் பி40 எனும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவியர் 1,30,000 பேருக்கு என்று அறிவித்தார்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது? மணிக்கொரு பேட் நனைந்து, சில மணி நேரம் அப்படியே நீடித்தால் அன்றைக்கே.