சொற்றெளிவும் வான்பயணமும்

விமானமொன்று மலையில் மோதிற்றெனக் கேட்டதும், இயந்திரக் கோளாறே காரணமெனப் பலர் எண்ணுவர். ஆயின், இயந்திரங்கள் யாவும் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்க, தாம் நிற்கும் நிலையை விமானிகள் பிழைபட உணர்ந்தமையால் நேர்ந்த விபத்துக்கள் பலவாம். அவற்றுள் ஒன்று, ஒரு சொற்றொடரை இருசாரார் இருவகையாகப் பொருள் கொண்டமையால் விளைந்தது.

1974 டிசம்பர் 1ஆம் நாள், டிரான்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் போயிங் 727 விமானம் 92 பேருடன் ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனை நோக்கிச் சென்றது. அங்கே குறுக்குக் காற்று பலமாக வீசியமையால், அண்மையிலுள்ள டலஸ் விமான நிலையத்துக்கு அது திருப்பப்பட்டது. முகிலும் பனியும் தரையை மறைத்திருந்தன. ஓடுபாதைக்கு நாற்பது மைலுக்கு மேற்பட்ட தொலைவில், 7,000 அடி உயரத்திற் பறந்தபோது, ஓடுபாதையை அணுக அனுமதியுண்டு எனத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் அறிவித்தார். எவ்வுயரம் வரை இறங்கலாம் என்பதை அவர் கூறவில்லை.

றேடாரிலே தம்மைக் காண்பவர் அனுமதித்தமையால், வழியில் தடையில்லை என விமானிகள் கொண்டனர். படத்திற் குறித்த உயரங்களைப் பேணுதல் விமானிகளின் கடனெனக் கட்டுப்பாட்டாளர் கொண்டார். அப்பகுதிக்கு 3,400 அடி எனப் படத்திற் குறித்திருந்ததை விமானத் தலைவர் கண்டார். எனினும், கிடைத்த அனுமதியே போதுமெனத் துணிந்து 1,800 அடிக்கு இறங்கலானார். ஏறத்தாழ 1,670 அடி உயரத்தில், வேர்ஜீனியாவின் வெதர் மலைச்சரிவில் விமானம் மோதிற்று. ஒருவரேனும் உயிர்தப்பவில்லை.

விசாரணைச் சபையினர் ஐவருள்ளும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. நடைமுறைகளின் தெளிவின்மையால் விமானிகள் முந்தி இறங்கினர் என்றனர் மூவர். உயரத்தைக் கூறாது அனுமதி வழங்கியதே முதற் பிழையென்றனர் இருவர். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே மயக்கத்தால் அதே மலையில் மோதாது மயிரிழையில் தப்பியது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை ஏனையோரை எட்டவில்லை.

விபத்தின் பின் விதிகள் திருத்தப்பட்டன. பெயர் வெளிப்படாது விமானிகள் தம் தவறுகளை அறிவிக்கும் ஏற்பாடு 1976இல் நாசாவின் பொறுப்பில் தொடங்கிற்று. தரை அண்மிப்பதைக் குரலெழுப்பி உணர்த்தும் கருவியும் பெரிய ஜெட் விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அக்கருவி கீழுள்ள நிலத்தை மட்டுமே அறிந்தமையால், எதிரே செங்குத்தாய் எழும் மலையைக் காலத்தோடு உணர்த்த இயலவில்லை. உலக நிலப்படத்தைத் தன்னுட்கொண்ட புதிய கருவி 1990களில் அக்குறையை நீக்கிற்று.

இத்தகைய விபத்து நம் நாட்டுக்கும் புதிதன்று. வெதர் மலை விபத்து நிகழ்ந்த மூன்றாம் நாள், இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகருடன் கட்டுநாயக்காவுக்கு வந்த டச்சு விமானம், தன் இடத்தைத் தவறாகக் கணித்து முந்தி இறங்கி, மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோத, 191 பேரும் மாண்டனர்.

குன்றக்கூறல், மயங்கவைத்தல் என்பவற்றை நூற்குற்றங்களாக நம் இலக்கண ஆசிரியர் வகுத்தனர். ஏட்டிலே அவை வாசகனை இடர்ப்படுத்துவதோடு அமையும். வானிலோ உயிரையே கவர்ந்துவிடும். ஆதலின் ஐயமறக் கூறுதலும், ஐயுற்றவிடத்துத் தயங்காது வினவுதலும், தாம் தப்பிய இடரைப் பிறர்க்கு உணர்த்துதலும் உயிர்காக்கும் அறங்களேயாம்.