ஊசி போடும் முன் ஒரு கேள்வி!

இரவு 10 மணி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். நிமோனியாக் காய்ச்சல். "செப்டிரியாக்சோன்" என்ற ஊசி போடும்படி டாக்டர் எழுதியிருந்தார்.

நர்சு வந்தார். உடனே ஊசி போடவில்லை.

"ஐயா, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, அம்மா" என்றார் நோயாளி.

பக்கத்தில் நின்ற மனைவி சும்மா இருக்கவில்லை.

"ஏன், காலில் ஆணி குத்தினபோது ஓர் ஊசி போட்டாங்களே! உடம்பெல்லாம் தடித்துப் போச்சே! மூச்சுக்கூட வாங்கிச்சே!"

"அது பென்சிலின். இது வேறே மருந்து" என்றார் கணவர்.

நர்சு ஊசியை ஒதுக்கி வைத்தார். டாக்டருக்குப் போன் செய்தார்.

இப்படி ஒரு பேச்சு பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. கணவர் சொன்னது பாதி உண்மை. மறு பாதிதான் ஆபத்து!

பென்சிலினுக்குப் பங்காளி

செப்டிரியாக்சோன், செபலெக்சின், செபிக்சிம் எல்லாம் ஒரே குடும்பம். குடும்பப் பெயர், செபலோஸ்போரின்.

இந்தக் குடும்பம் பிறந்தது சாக்கடையில்! இத்தாலி நாட்டின் சார்டினியாத் தீவில் காலியாரி என்று ஒரு நகரம். அங்கே சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில், 1945-ல் பிரோட்சு என்ற பேராசிரியர் தண்ணீரை எடுத்துச் சோதித்தார். அதில் ஒரு பூஞ்சைக் காளான் இருந்தது. அது நோய்க் கிருமிகளைக் கொன்றது. பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் அந்தக் காளானை ஆராய்ந்தார்கள். 1964-ல் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது.

பென்சிலினும் காளானில் பிறந்ததுதான். இரண்டின் உள் அமைப்பிலும் ஒரே மாதிரியான ஒரு வளையம் இருக்கிறது. அதனால் ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாத 100 பேரில் 10 பேருக்கு இதுவும் ஆகாது என்று முன்பு சொன்னார்கள். அது அதிகப்படியான கணக்கு. சுமார் 2 பேருக்குத்தான் ஆகாது என்பது இப்போதைய கணக்கு. ஆனால் அந்த 2 பேரில் ஒருவருக்கு உயிரே போகலாம் அல்லவா?

ஆகவே, "ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். வயிறு கொஞ்சம் கலங்கியது என்றால் அது வேறு. உடம்பு தடித்தது, உதடு வீங்கியது, மூச்சுத் திணறியது என்றால் அது வேறு. எந்த மருந்து, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதையும் நர்சு கேட்பார். எரிச்சல்படக் கூடாது.

முதல் அரை மணி நேரம்

சிறிதளவு மருந்தைத் தோலில் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் தடிப்பு வரவில்லை என்பதற்காக முழுக்க நம்பிவிட முடியாது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் நோயாளி நர்சின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அரிப்பு, முகவீக்கம், இழுப்பு, மயக்கம் - இவற்றில் எது வந்தாலும் மருந்தை அந்த நொடியே நிறுத்துவார்கள். மூச்சும் ரத்த அழுத்தமும் கெட்டால், தொடையின் வெளிப்பக்கச் சதையில் "அட்ரினலின்" ஊசி போடுவார்கள். உயிரைக் காப்பது அதுதான். அதைக் கையருகே வைத்துக்கொண்டுதான் நல்ல நர்சு முதல் ஊசியையே போடுவார்.

எதில் கரைப்பது?

செப்டிரியாக்சோன் தூளாக வரும். சதை ஊசியாகப் போட்டால் கடுமையாக வலிக்கும். அதனால் மரத்துப்போகச் செய்யும் "லிக்னோகெய்ன்" மருந்தில் கரைப்பது உண்டு. அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றவே கூடாது. இதயத் துடிப்பு கெட்டுவிடும்! நரம்பு ஊசிக்குச் சுத்தமான ஊசித் தண்ணீரில் கரைத்து, மெதுவாகச் செலுத்த வேண்டும்.

கால்சியம் இதற்குப் பகை. கால்சியம் உள்ள "ரிங்கர் லாக்டேட்" பாட்டிலோடு கலந்தால், உப்புப் போலப் படிந்துவிடும். பச்சைக் குழந்தைகளுக்கு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இப்படிப் படிந்து, சில குழந்தைகள் இறந்தே போயின. 2007-ல் அமெரிக்க மருந்து இலாகா இதுபற்றி எச்சரித்தது. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு நரம்பில் கால்சியம் ஏறுகிறது, அல்லது ஏற்ற வேண்டியிருக்கும் என்றால், செப்டிரியாக்சோன் கூடாது. மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைக்கும் ஆகாது.

வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீராக வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அல்லது ரத்தம் கலந்து போனால், டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூட இது வரலாம். பேதி நிற்கத் தானாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "செபோபெரசோன்" போட்டுக்கொண்டு மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்.

அந்த நிமோனியா நோயாளி என்ன ஆனார்?

டாக்டர் வந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். வேறு வகை மருந்தை எழுதினார். நோயாளியின் சீட்டில், "பென்சிலின் ஆகாது" என்று நர்சு சிவப்பு மையில் எழுதினார். மனைவி அதையே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு இருந்த பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.