தேக்குக் கலத்துக்குத் தேக்கு ஆகாது

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹார்ட்டில்பூல் துறையில், இருநூறு ஆண்டு கடந்த போர்க்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்து நிற்கிறது. அதன் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் நாவில் அது 'டிரிங்கோமலி' ஆயிற்று. கட்டப்பட்டது பம்பாயில், கட்டியவர் பார்சித் தலைமைத் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா, மரம் மலபார்த் தேக்கு. நெப்போலியனுடனான போர்களில் ஓக்கு மரம் அருகிப்போகவே, ஆங்கிலக் கடற்படை தேக்கை நாடி வந்தது. 1817 அக்டோபர் 12-இல் கலம் நீரில் இறங்கியது.

பிறப்பதற்கு முன்பே அது ஒருமுறை அழிந்தது எனலாம். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' வென்று, பின்னர் எரித்தது. வரைபடங்களும் அதனோடு போயின. வேறு படிகள் வந்து சேர்ந்த பின்னரே வேலை தொடங்க முடிந்தது. தச்சர் இருந்தனர், தேக்கு இருந்தது. தாள் இல்லாமல், கப்பலின் விலா எலும்பு போன்ற வங்கு ஒன்றைக்கூட அறுக்க இயலவில்லை.

ஆயத்தத் துண்டுகள் அடங்கிய பெட்டியை வாங்கிப் பொருத்தாமல், வெறுங்கட்டையிலிருந்து கப்பலின் மாதிரியாக ஒரு சிறுகலத்தைக் கட்ட முனைபவனும் அத்தகைய தாள்களிலிருந்துதான் தொடங்குகிறான். கப்பலின் வடிவம் மூன்று பார்வைகளில் அடங்கும்: பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, முன்முனையான அணியத்துக்கும் பின்முனையான பிற்றலைக்கும் நேரே நின்று பார்ப்பது ஒன்று. மூன்றிலும் ஒரே புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் மயிரிழை பிசகினாலும், அடுத்த பார்வை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கோடுகளை வரையும் கருவி மிக எளியது. நீண்டு மெலிந்த மரச்சிம்பு ஒன்றை எடுத்து, குறித்த புள்ளிகளில் சிறு எடைகளை வைத்து அதை வளைத்து நிறுத்துவர். எடைகளுக்கு இடையே சிம்பு தானே ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளும். வளைவதால் தன்னுள் தேங்கும் ஆற்றல் எவ்வழியில் மிகக் குறைவோ, அதுவே அதன் வழி. கண்ணுக்கு 'ஓடுகிறது' என்று தோன்றும் கோடு, ஆற்றற் கணக்கிலும் சிக்கனமான கோடாகவே அமைகிறது. கணினியில் வளைகோடு வரையும் வாய்பாடுகள் சில இந்தச் சிம்பின் நடத்தையைப் பார்த்தே அமைந்தவை. நான் இன்றும் மூங்கிற் சிம்பையே கையாளுகிறேன். திரையில் தெரியாத மேடு விரல் நுனிக்குத் தெரிகிறது.

இனி அளவு. பலர் எடுத்துக்கொள்வது 96-இல் ஒரு பங்கு. அதாவது கப்பலின் ஓர் அடி, சிறுகலத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ 46 மீட்டர் நீளமுள்ள பீரங்கித் தளம் 48 சென்டிமீட்டர் ஆகும். 12 மீட்டர் அகலம் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். கலத்தின் மேல் நிற்கும் மாலுமி உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிட உயரமானவன். இதுவரை வெறும் வகுத்தல்தான். ஆனால் நீளம் 96-இல் ஒன்றாகும்போது பரப்பு 9,216-இல் ஒன்றாகிறது. பருமன் 8,84,736-இல் ஒன்றாகிறது. ஆயிரம் டன் கப்பல் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடைக்கு இறங்கிவிடும். நீளம், பரப்பு, எடை மூன்றும் ஒன்றாகச் சுருங்குவதில்லை. மரத்தின் துளை, காற்றின் விசை, நீரின் அலை ஆகியவை நம் அளவுகோலை அறியா. சிறுகலம் கட்டுவோனின் அறிவியல் முழுதும் இந்தப் பிணக்கில்தான் இருக்கிறது.

முதற் பிணக்கு மரத்திலேயே எழும். தேக்கால் ஆன கப்பலுக்குத் தேக்கால் மாதிரி செய்வதே முறை என்று எவருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. தேக்கின் குறுக்கு வெட்டை உருப்பெருக்கி வழியே பாருங்கள். ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும், நீரை மேலேற்றிய குழாய்கள் வரிசையாகத் திறந்திருக்கும். அவற்றுள் பெரியவை 0.3 மில்லிமீட்டர் விட்டம் வரை இருக்கும். 96-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதாவது, சிறுகலத்தின் தேக்குப் பலகையை நம் மனக்கண் உண்மைக் கப்பலாக விரிக்கும்போது, பலகை எங்கும் கட்டைவிரல் நுழையும் துளைகள்! மரம் தன் உயிரணுக்களைச் சுருக்கித் தராது. ஆதலால் தேக்குக் கலத்துக்குத் தேக்கு ஆகாது.

ஐரோப்பியத் தச்சர் இதற்கெனக் கண்ட மரம் பாக்ஸ்வுட். ஆண்டுக்கு நூலளவே பருக்கும் அதன் குழாய்கள் தேக்கின் குழாய்களில் பத்தில் ஒரு பங்குகூட இரா. அவை வளையமாகத் திரளாமல் எங்கும் பரவிக் கிடக்கும். அரை மில்லிமீட்டர் விளிம்பும் அதில் கூர்மையாக நிற்கும். நம் நாட்டில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் வெப்பாலை, யானைத் தந்தம் போல் வெளுத்து, இழை தெரியாமல் வழவழப்பாக வரும். மஞ்சட்கடம்பும் நுண்ணிழை மரம். அதன் இள மஞ்சள் நிறம் மெழுகு பூசியதும் பழுத்துத் தேக்கின் நிறத்தை நெருங்கும். கப்பலின் மரம் தேக்கு. அதன் சாயலைத் தருவதோ கடம்பு. இதை நான் பொய் என்று கருதவில்லை. பொருளைப் படியெடுப்பதைவிடத் தோற்றத்தைப் படியெடுப்பதே இக்கலையில் மெய்ம்மை.

அடிமரமான ஏராவை நிறுத்தி, வங்குகளை அதன்மேல் ஏற்றி, பலகை பொருத்தும் வேளை வரும்போது இயற்கை எதிர்பாராத வகையில் நமக்கு இசைந்து வருகிறது. 10 சென்டிமீட்டர் தடித்த பலகை 3 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், அதன் வெளிமுகம் ஏறத்தாழ 1.7 விழுக்காடு நீண்டாக வேண்டும். சிறுகலத்தில் 1 மில்லிமீட்டர்ப் பலகை 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைகிறது. அங்கும் அதே 1.7 விழுக்காடு. தடிப்பும் ஆரமும் சேர்ந்து சுருங்குவதால் மரம் படும் பாடு மாறுவதில்லை. உலர்ந்த மரம் அந்த அளவு நீள மறுத்து ஒடியும். ஈரமும் வெம்மையும் சேர்ந்தால் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகும். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே வழுக்கும். ஆறியதும் புது வடிவிலேயே இறுகும். பெருங்கலத் தச்சர் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு நீராவியில் பலகையை வேகவைப்பர். வெப்பம் ஊடுருவும் நேரமோ தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. நான்கு மணி நேர வேலை நமக்கு இரண்டு நொடிகூட ஆகாது என்கிறது கணக்கு. நீர் ஊறவும் வேண்டுமே என்று இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் விடுகிறேன், அது போதுகிறது.

தட்டையாக வளைவது எளிது; பக்கவாட்டில் வளைவதுதான் கடினம். 5 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பலகை, விளிம்போடு வளைய 25 மடங்கு முரண்டு பிடிக்கும். கப்பலின் உடலோ இரு திசையிலும் ஒருங்கே வளைந்த பரப்பு. தாளைச் சுருக்கமின்றித் தேங்காய்மேல் சுற்ற முடியுமா? அதே சிக்கல்தான். நடுவில் வயிறு பெருத்து, அணியத்தில் ஒடுங்கி, பிற்றலையில் மேலேறும் அவ்வுடலில் ஒரே அகலமுள்ள பட்டைகளை ஒட்டிக்கொண்டே போனால், நான்காம் வரியில் பட்டை தானே மேல்நோக்கி ஏறத் தொடங்கும். அதை இழுத்து ஒட்டினால் விளிம்பு எழும்பும். ஆகவே வங்குதோறும் சுற்றளவை மெல்லிய தாள்நாடாவால் அளந்து, வரிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே சீவ வேண்டும். நடுவில் 5 மில்லிமீட்டர், அணியத்தில் 3. சீவிய பட்டையை வைத்துப் பார்க்கையில், கை அழுத்தாமலே அது தன் இடத்தில் படுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டதற்கு நான் வருந்தியதே இல்லை.

என் முதற் கலத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. ஐப்பசி மழையில், காற்றெல்லாம் ஈரமாக இருந்த நாள்களில் மதுரையில் பலகை பொருத்தினேன். சித்திரை வெயிலில் ஒரு காலை பார்க்கும்போது, நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே, நடு வங்கிலிருந்து பிற்றலை வரை ஒரு கருங்கீற்று ஓடியிருந்தது. அகலம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாட்டிலோ ஏழெட்டு விழுக்காடு ஈரம் இழந்தால் இரண்டு விழுக்காடு வரை குறையும். ஐந்து சென்டிமீட்டர் உயரப் பலகைப் பரப்பு, தன் ஒரு மில்லிமீட்டரை நலிந்த ஓர் இணைப்பில் மொத்தமாகக் காட்டிவிட்டது. உண்மைக் கப்பலாக இருந்தால் அது பத்து சென்டிமீட்டர்ப் பிளவு, கலம் மூழ்கியிருக்கும். பெருங்கலத்தில் பலகைகளுக்கு இடையே சணல்நார் அடைத்துக் கீல் பூசிக் கலப்பற்றுச் செய்வதன் அருமை அன்று விளங்கியது. இப்போது மரத்தைச் சீவிய பின் ஓராண்டு அறைக்காற்றில் கிடத்தாமல் தொடுவதில்லை.

அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு போர்த்துவது நெடிய வேலை என்றாலும் புதிர் ஏதும் அற்றது. கயிறு அப்படியன்று. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கயிறு 6 சென்டிமீட்டர் தடித்தது என்றால் நமக்கு 0.6 மில்லிமீட்டர் வேண்டும். கடைநூலில் புரி தெரியாது. தெரிந்தாலும் கப்பற்கயிற்றின் புரியாக இராது. ஆகவே கயிற்றையும் நாமே திரிக்க வேண்டும். மூன்று நூல்களைத் தனித்தனியே ஒரு பக்கம் முறுக்கேற்றி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால், பிரிய முயலும் இரு முறுக்குகளும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். கயிறு அவிழாமல் இருப்பதன் மறைபொருள் அவ்வளவே. கயிற்றேணியின் படிகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு படிக்கும் ஐந்தாறு முடிச்சுகள். மூன்று பாய்மரங்களுக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். தேன்மெழுகில் இழுத்த நூலை இடுக்கியால் ஒவ்வொன்றாக முடிகிறேன்.

கட்டிய கயிறு தொங்க மறுப்பது அடுத்த பிணக்கு. பெருங்கலத்தில் தளர்ந்த கயிறு தன் எடையால் அழகிய வளைவில் தொய்யும். சிறுகலத்தில் நூலின் எடை அதன் விறைப்பை வெல்லாது. அதே வடிவில் 96 மடங்கு சிறிதாக்கிய நூல், ஒப்பு நோக்க 96 மடங்கு குறைவாகவே தொய்யும். கம்பிபோல் நீட்டி நிற்கும். பாய்த்துணிக்கும் இதே கதிதான். தேர்ந்த கட்டுநர் பலர் பாயே விரிக்காமல், பாயைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களை மட்டும் ஏற்றி நிறுத்துவது இதனால்தான். சோம்பல் என்று எண்ணியிருந்தேன். இப்போது அதுவே நேர்மை என்கிறேன்.

கட்டிய கலத்தை நீரில் விட்டால் என்ன ஆகும்? பாயின்மேல் காற்று தரும் கவிழ்ப்புத் திருப்பம் நீளத்தின் மும்மடியாகக் குறைகிறது. கலத்தை நிமிர்த்தும் திருப்பமோ நான்மடியாகக் குறைகிறது. ஆகவே அதே காற்று சிறுகலத்தை 96 மடங்கு எளிதாகக் கவிழ்க்கும். ஓடவிடக் கட்டும் சிறுகலங்களுக்கு, உண்மைக் கப்பலில் இல்லாத ஆழ்ந்த அடியும் அதில் ஈயமும் வைப்பதன் காரணம் இது. அலையிலும் அது படபடவென ஆடும். பெருங்கலம் பத்து நொடியில் ஆடும் ஆட்டத்தை ஒரு நொடியில் ஆடி முடிக்கும். 96-இன் இருமடி மூலம் ஏறத்தாழ 9.8; காலமும் விரைவும் அந்த அளவிலேயே சுருங்கும்.

இவ்விதியை முறையாக வகுத்துக் காட்டியவர் வில்லியம் புரூடு. 1860-களில் 'அன்னம்', 'அண்டங்காக்கை' என்னும் பொருள்படும் பெயரிட்ட மாதிரிக் கலங்களை நீரில் இழுத்து அளந்தார். பின்னர் ஆங்கிலக் கடற்படையின் பொருளுதவியோடு டார்க்கீ ஊரில் தம் வீட்டருகே நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, 1872 முதல் ஆய்வு நடத்தினார். அலை எழுப்பும் தடை ஒரு விதிப்படியும், நீரின் உராய்வுத் தடை வேறொரு விதிப்படியும் சுருங்குகின்றன என்று கண்டு, இரண்டையும் பிரித்துக் கணக்கிட்டதே அவர் செய்த பெருஞ்செயல். இன்றும் கப்பல் வடிவமைப்போர் மாதிரியை இழுத்துப் பார்த்தே கப்பலின் தடையை மதிப்பிடுகின்றனர்.

தொடங்க விரும்புவோருக்கு ஒரு சொல். மூன்று பாய்மரப் போர்க்கலத்தை முதலில் எடுக்காதீர்கள். பத்து வங்கு உள்ள ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை எடுங்கள். மரக்கடைசல் பட்டறையில் நன்கு உலர்ந்த வெப்பாலைத் துண்டு கேளுங்கள். நுண்பல் வாள் ஒன்று, உளி இரண்டு, அரம் ஒன்று, மூங்கிற் சிம்பு ஒன்று இருந்தால் வேலை ஓடும். முதற் பலகை ஒடிந்தால் தண்ணீரை இன்னும் சற்றுச் சூடாக்குங்கள்.